நிறத்தை மாற்றாத கல்யாண ஆல்பம்: பார்ட்டியிடம் எப்படிச் சொல்வது?

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணப் போட்டோ எடுக்கிறேன். ஆல்பத்தில் பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கித் தருவதுதான் தொழில் வழக்கம். நான் செய்வதில்லை. மாநிற முகத்தில் ஹோமத் தீயின் வெளிச்சம் விழுவதை லைட்ரூம் எடிட்டிங் சாஃப்ட்வேரில் இழுத்துக் கெடுக்க மனசு வராது. முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று வேறு ஆகிவிடும்.

ஆனால் மாதிரி ஆல்பத்தைப் புரட்டியதுமே, “பொண்ணு டல்லா இருக்கே” என்று எழுந்துவிடுகிறார்கள். (சொல்வது பெண்ணோ அம்மாவோ அல்ல, பெரும்பாலும் பெரியம்மா!)

தை முகூர்த்தங்களுக்கு இப்போதே விசாரிக்கிறார்கள். இப்படி வேலை செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுவீர்களா, நேரில் பேசும்போது சொல்வீர்களா? அட்வான்ஸ் வாங்கிய பிறகு வெளுப்பாக்கச் சொன்னால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?