பெரியப்பா விட்டுப்போன வீடியோ8 கசெட்டுகளுக்கு எந்தக் கமரா வாங்குவது? (உதவி தேவை)

காரைதீவுப் பொடியன்:
வணக்கம். பழைய வீடியோ கமரா பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். எங்கள் பெரியப்பா கனடாவிலிருந்து 1998இலும் 2001இலும் ஊருக்கு வந்து நின்றபோது எடுத்த 14 கசெட் வீட்டில் கிடக்கின்றன. கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு, அக்காவின் சாமத்தியச் சடங்கு, அப்பப்பா வளவுக்குள் நின்று தேங்காய் உரிப்பது என்று என்னவெல்லாமோ இருக்கிறதாம். நான் ஒன்றையும் பார்த்ததில்லை. ஊரில் எடுத்தது ஊரில் இருக்கட்டும் என்று கசெட்டை அப்பம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கமராவைக் கொண்டுபோய்விட்டார், இப்போது அவரும் இல்லை, கமராவும் இல்லை.

கல்முனையில் ஒருவர் சோனி ஹேண்டிகாம் ஒன்று விற்கிறார், டிசிஆர்-டிஆர்வி250, யாரோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாம், 18,000 ரூபாய் சொல்கிறார். பற்றரி செத்துவிட்டதால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை, ஆனால் எங்கள் கசெட் உள்ளே அளவாகப் பொருந்துகிறது, நானே போட்டுப் பார்த்தேன். வாங்கலாமா?

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு கசெட் மட்டும் சுனாமித் தண்ணீரில் நனைந்தது. அப்பம்மா அதை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறா.

அக்கரைப்பற்று மச்சான்:
இதற்கெல்லாம் கமராவா? சின்னக் கசெட்டைப் பெரிய கசெட் மாதிரி ஒரு அடப்டருக்குள் போட்டு வீட்டு வீடியோ டெக்கில் ஓட்டலாம், எங்கள் வாப்பாவிடம் அப்படி ஒன்று இருந்தது. அதைத் தேடு, காசு மிச்சம்.

கல்லடி வீடியோக்காரர்:
மச்சான் சொல்லும் அடப்டர் வீஎச்எஸ்-சி என்ற கசெட்டுக்கு உரியது. அது தடிப்பான சின்னக் கசெட், உள்ளே இருக்கும் ரேப் பெரிய கசெட்டில் உள்ள அதே அரை அங்குல ரேப்தான், அதனால் கூடு மாற்றினால் டெக்கில் ஓடும். எட்டு மில்லிமீற்றர் கசெட்டின் ரேப்பே ஒடுக்கம், பதியும் முறையும் வேறு. அதை வீஎச்எஸ் டெக்கில் ஓட்டும் அடப்டர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தம்பி, அந்த 250ஐ வாங்காதீர்கள். கசெட் பொருந்துவதை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஒரே அளவுக் கூட்டுக்குள் மூன்று விதமான பதிவு இருக்கிறது. 1985இல் வந்தது வீடியோ8, 1989இல் அதைவிடத் தெளிவான ஹை8, இரண்டும் அனலொக். 1999இல் சோனி அதே கசெட்டில் டிஜிட்டலாகப் பதியும் டிஜிட்டல்8ஐக் கொண்டுவந்தது. அதில் வந்த சில கமராக்கள் பழைய இரண்டையும் வாசிக்கும், மலிவு விலைக்காரருக்கென்று செய்த சில வாசிக்காது, வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். டிஆர்வி 140, 250, 260, 280 இவை எல்லாம் வாசிக்காத கூட்டம். 340, 350, 460, 480 வாசிக்கும். பெட்டியில் ஹேண்டிகாம் என்று எழுதியிருப்பதில் ஒன்றும் விளங்காது, மொடல் இலக்கத்தைப் பாருங்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் சீசீடி-டிஆர்வி என்று தொடங்கும் சாதாரண ஹை8 கமராவும் போதும், ஹை8 கமரா வீடியோ8 கசெட்டையும் ஓட்டும். ஆனால் வீடியோ8 கமரா ஹை8ஐச் சரியாக ஓட்டாது. அப்புறம் 1990ஐ ஒட்டிய மிகப் பழைய மொடல்கள் பக்கம் போகவேண்டாம், அவற்றின் போர்ட்டில் உள்ள சின்னக் கப்பாசிற்றர்கள் ஒழுகி, முதலில் சத்தம் போகும், பிறகு எல்லாம் போகும். நான் கல்யாண வீடு கல்யாண வீடாகத் திரிந்த காலத்தில் என்னுடைய இரண்டு கமரா அப்படித்தான் போனது.

உங்கள் கசெட்டின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

காரைதீவுப் பொடியன்:
நல்லவேளை கேட்டேன் அண்ணா, நாளைக்குக் காசு கொடுப்பதாக இருந்தது. கசெட்டில் பி5-90 என்று கிடக்கிறது, நாலைந்தில் பி6-120. இணையத்தில் தேடிப் பார்த்தேன், பி5 என்றால் பால் (PAL), பி6 என்றால் என்டிஎஸ்சி (NTSC) என்கிறார்கள், நாட்டுக்கு நாடு மாறும் ரீவிப் பட முறைகளாம். இலங்கை பால் நாடுதானே, அப்படியென்றால் மொடல் இலக்கத்துக்குப் பின்னால் ஈ போட்ட பால் கமரா எடுத்தால் சரிதானே? கொழும்பில் ஒரு 460ஈ இருக்கிறது.

கல்லடி வீடியோக்காரர்:
அவசரப்படாதீர்கள். கசெட்டில் உள்ள எழுத்து எந்த நாட்டு முறையில் எத்தனை நிமிடம் ஓடும் என்பதற்காகப் போட்டது, வெறும் ரேப்புக்குப் பாலும் தெரியாது மோரும் தெரியாது. எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது பதிந்த கமரா. உங்கள் பெரியப்பா கமராவைக் கனடாவிலிருந்து கொண்டுவந்தார், அங்கே என்டிஎஸ்சி. கொண்டுவந்த பி6 முடிந்ததும் இங்கே கடையில் பி5 வாங்கிப் போட்டிருப்பார், அதிலும் பதிந்தது என்டிஎஸ்சிதான். பாலில் 625 கோடு, செக்கனுக்கு 25 படம், என்டிஎஸ்சியில் 525 கோடு, ஏறக்குறைய 30 படம். அதனால்தான் இரண்டையும் ஒரே கமராவில் ஓட்டப் போனால் தலையிடி.

சில ஈ மொடல்களில் என்டிஎஸ்சி பிபி என்று ஒரு தெரிவு இருக்கும், என்டிஎஸ்சி கசெட்டை ரீவியில் பார்ப்பதற்கு உதவும். ஆனால் கொம்பியூட்டரில் ஏற்றி வைக்கப் போகிறவர் அந்தச் சமாளிப்பை நம்பக்கூடாது. கனடாவில் உறவு இருக்கிறதுதானே, அங்கேயே ஈ இல்லாத 350 அல்லது 480 ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். சார்ஜர் 100 முதல் 240 வோல்ற் வரை என்று எழுதியிருந்தால் இங்கே செருகப் பயமில்லை, பிளக் அடப்டர் மட்டும் போதும்.

காத்தான்குடி காக்கா:
வீடியோக்காரர் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் ராத்தா குவைத்திலிருந்து அனுப்பிய கசெட்டுகளைக் கடந்த வருடம் நான் ஏற்றினேன், அவை பால். கமராவைப் பிடித்ததைவிட அதைக் கொம்பியூட்டரோடு பேச வைப்பதுதான் பெரிய பாடு, அதைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை.

350, 480 மாதிரிக் கமராக்களில் ஐலிங்க் என்று ஒரு சின்ன நாலு முனை வாய் இருக்கும், அதுதான் ஃபயர்வயர். பழைய அனலொக் கசெட்டைப் போட்டால் கமரா தானே டிஜிட்டலாக மாற்றி அதன் வழியே அனுப்பும், இந்த வகைக் கமராவைத் தேடுவதே அதற்காகத்தான். பக்கத்தில் யூஎஸ்பி வாயும் இருக்கும், அதில் ஆசைப்படாதீர்கள், அது இணைய அரட்டைக்குப் போட்ட சின்னப் படம். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் ஃபயர்வயர் என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு வயர் விற்கிறார்கள், நானும் வாங்கினேன், அது வெறும் வயர், உள்ளே மாற்றும் சாமான் எதுவும் இல்லை, ஒன்றும் வராது. இப்போதைய லெப்டொப்பில் அந்த வாயே கிடையாது. பழைய மேசைக் கொம்பியூட்டர் ஒன்றில் ஃபயர்வயர் கார்ட் செருகி, விண்டோஸ் 7இல் வின்டிவி என்ற இலவச மென்பொருளால் எடுத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜீபி அளவில் பிடிக்கும், ஹார்ட் டிஸ்க்கில் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

அந்தப் பாடு வேண்டாமென்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை படத்தைக் கொம்பியூட்டருக்குள் எடுக்கும் யூஎஸ்பி கப்சர் குச்சியில் செருகி ஓபிஎஸ் என்ற மென்பொருளில் பதியலாம். தரம் ஒரு படி குறையும். வீட்டாருக்குப் பார்க்க அது தாராளம். கமரா வயரும் மற்ற வயர்களும் ஒரே மாதிரி இருந்தாலும் கமராவில் செருகும் முனையில் உள்ள வளையங்களின் ஒழுங்கு மாறும், மஞ்சளில் படம் வராவிட்டால் மற்ற இரண்டிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

அக்கரைப்பற்று மச்சான்:
அடப்டர் கதையை வாபஸ் வாங்குகிறேன். இவ்வளவு பாடும் எதற்கு, ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றி எடுக்கலாமே?

காரைதீவுப் பொடியன்:
கொடுத்துப் பார்த்தோம் மச்சான். போன வருடம் ஒரு இடத்தில் ஒரு கசெட்டைக் கொடுத்தோம், நாலு மாதம் அலைக்கழித்து, கடைசியில் 'மெசின் வேலை செய்யவில்லை' என்று திருப்பித் தந்தார்கள், கசெட்டின் மூடி உடைந்திருந்தது. இனி அப்பம்மா ஒன்றையும் வெளியே விடமாட்டா. பெரியப்பாவின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறார், அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

கல்லடி வீடியோக்காரர்:
அவர் வாங்கும்போது 'பவர் வருகிறது' என்ற பேச்சில் மயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தேவையில்லாத கசெட் ஒன்றைக் கொண்டுபோய், போட்டு, ஓட்டி, முன்னே பின்னே சுற்றி, வெளியே எடுத்து, அதையே மூன்று தரம் செய்து பார்க்கவேண்டும். ரேப்பைக் கடிக்கிற கமரா என்றால் அங்கேயே தெரிந்துவிடும். பற்றரியைப் பற்றிக் கவலை இல்லை, கசெட்டை ஏற்றும்போது சார்ஜரில் போட்டே ஓட்டுங்கள், நடுவில் நின்றுவிடாது.

இங்கே இருந்துகொண்டு நீங்கள் ஒரு வேலை செய்யலாம். கசெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, ஜன்னல் வழியே ரேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள், சிலந்தி வலை மாதிரி ஏதும் தெரிந்தால் பூஞ்சணம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நமக்கு இது பெரிய சாபம், அதுவும் மார்கழி மழைக்குப் பிறகு. பூஞ்சணம் பிடித்த ஒன்றைக் கமராவுக்குள் போட்டால் அது ரேப்பை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்து வரும் நல்ல கசெட்டுகளுக்கும் பரவும்.

நனைந்த கசெட்டைத் தனியே வையுங்கள். அதைத் தொடவே வேண்டாம்.

காரைதீவுப் பொடியன்:
(ஐந்து கிழமைக்குப் பிறகு) கமரா வந்துவிட்டது! டிஆர்வி480, ஈ இல்லாதது. மாமி ஒருவர் கொண்டுவந்தார், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இரவு முழுக்க ஏசி வான் வண்டியில் வந்து விடிய இறங்கினா. ஆசையில் உடனே பெட்டியை உடைத்துப் போட்டேன், திரையில் சி:21:00 என்று மின்னுகிறது, ஒன்றும் ஓடவில்லை. பழுதான சாமானை அனுப்பிவிட்டார்களா?

காத்தான்குடி காக்கா:
பழுது இல்லை தம்பி, ஈரம் பிடித்திருக்கிறது. குளிரிலிருந்து நம் புழுக்கத்துக்கு வந்ததும் ஹெட் உருளை வியர்த்துவிட்டது, ஐஸ் தண்ணீர்ப் போத்தல் வியர்ப்பது போலத்தான். கசெட்டை வெளியே எடுத்து, கசெட் போடும் கதவைத் திறந்தபடி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா விடுங்கள். முடியை உலர்த்தும் மெசினைக் கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டாம்.

காரைதீவுப் பொடியன்:
ஈரம் போய்விட்டது காக்கா! மத்தியானம் முதல் கசெட் ஓடியது. இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு படம் கட்டம் கட்டமாகி, இப்போது சி:22 என்று வருகிறது.

கல்லடி வீடியோக்காரர்:
அது ஹெட் அழுக்கு. எட்டு மில்லிமீற்றர் கிளீனிங் கசெட் தேடுங்கள், சோனியில் வி8-25சிஎல்டி. பத்துச் செக்கன் ஓட்டி நிறுத்துங்கள், சரிவராவிட்டால் இன்னொரு தரம். அதை மீண்டும் மீண்டும் ஓட்டினால் அதுவே ஹெட்டைத் தேய்க்கும். பஞ்சுக்குச்சியை உள்ளே விடாதீர்கள், பஞ்சு சிக்கி ஹெட் உடைந்த கமராக்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. மெனுவில் டிபிசி என்று ஒன்று இருக்கும், அதை ஓனில் வையுங்கள், படம் ஓரத்தில் நெளிவது குறையும்.

காரைதீவுப் பொடியன்:
கிளீனிங் கசெட்டுக்கு மட்டக்களப்பு வரை வந்து, ஒரு பழைய கடையில் ஒன்று கிடைத்தது. இதுவரை 9 கசெட் ஏற்றியாகிவிட்டது, பழைய கொம்பியூட்டரும் கார்டும் காக்கா சொன்ன மாதிரியே. நீங்கள் சொன்னது போல, பி5 என்று எழுதிய எல்லாமே என்டிஎஸ்சிதான். அக்காவின் சாமத்தியச் சடங்கைக் குடும்ப வட்ஸ்அப்பில் போடக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறா. அப்பப்பா தேங்காய் உரிப்பது முழுசாகப் பதினொரு நிமிடம், பெரியப்பா 'இன்னொன்று, இன்னொன்று' என்று சொல்லச் சொல்ல மனிதர் இருபதுக்கு மேல் உரித்துவிட்டார். அப்பம்மா அதைத்தான் தினமும் போடச் சொல்கிறா, சத்தத்தைக் கூட்டு என்கிறா.

இரண்டில் பூஞ்சணம், தனியே வைத்திருக்கிறேன். மற்றது அந்த நனைந்த கசெட். அதில்தான் 2001 சடங்கின் கடைசி நாள் இருக்கிறதாம்.

கல்லடி வீடியோக்காரர்:
பூஞ்சணம் பிடித்த இரண்டையும் அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டு வாருங்கள், பாலத்தடியில் இறங்கிக் கேட்டால் காட்டுவார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்தது, இத்தனை வருடம் கிடந்தது, நான் உறுதி ஒன்றும் தரமாட்டேன். ஸ்க்ரூவைக் கழற்றிச் சுருளைப் பார்ப்போம், ஒட்டிப் பிடித்திருந்தால் அப்படியே மூடித் தந்துவிடுவேன். சுற்றக்கூடியதாக இருந்தால் நல்ல கூட்டுக்கு மாற்றி ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் உங்கள் கமராவில் இல்லை. என்னிடம் கனடாக்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய ஹை8 ஒன்று சாகக் கிடக்கிறது, அதில்.