பதில்: ரிபியூனிட்டுக்குத் தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம். 11, 111, 1111 என ஒன்றுகள் மட்டுமே வரும் எண்தான் ரிபியூனிட் (repunit). அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் வந்த ஒரு யோசனை:

> 'மீளலகு' என்றே வைப்போம், ஆங்கிலத்துக்கு நேராக இருக்கிறது.

நேராக இருப்பதுதான் சிக்கல். 1966-இல் கணித நூலாசிரியர் ஆல்பர்ட் பெய்லர் அந்த ஆங்கிலப் பெயரை உண்டாக்கியபோது, திரும்பத் திரும்ப வரும் ஒன்று (repeated unit) என்ற பொருளில் ஒட்டினார். இங்கே கொழும்பில் 'அலகு' என்றால் முதலில் கரண்ட் பில்தான் ஞாபகத்துக்கு வரும். 11, 111, 1111 வராது. 'ஓரிலக்க எண்' வேண்டவே வேண்டாம், ஒரே ஒரு இலக்கம் உள்ள எண் என்றாகிவிடும்.

'ஒன்றடுக்கு' முன்பு நான் சொன்னதுதான், அதை வாபஸ் வாங்குகிறேன். நாம் சுட்டி (10²-இல் மேலே வரும் 2) என்பதைத் தமிழகத்தில் அடுக்கு என்கிறார்கள். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் 7777-ஐ 'ஏழடுக்கு' என்று சொல்லிப் பாருங்கள். அடுக்குமாடிகள் நிறைந்த வெள்ளவத்தையில் இருப்பவன் லிஃப்ட் எங்கே என்றுதான் கேட்பான்.

நேற்று, உயர்தரம் படிக்கும் அக்கா மகளிடம் 111111-ஐக் கொடுத்துக் காரணி கேட்டேன். கல்குலேட்டரை அவள் தொடவில்லை. பென்சிலால் 11|11|11 என்று கோடு போட்டாள்: 11 × 10101. அப்புறம் அதற்குக் கீழே 111|111: 111 × 1001. ஆறு ஒன்றுகளைச் சமமாகப் பிரிக்க முடிவதால் எண்ணும் பிரிகிறது. ஒன்றுகளின் எண்ணிக்கை சேர்த்தி எண்ணானால் (தமிழகத்தில் பகு எண்) அந்த ஒன்றுகளாலான எண்ணும் சேர்த்தி எண்தான். மறுதலை சரிவராது. 3, 5, 7 மூன்றும் முதன்மை எண்கள் (தமிழகத்தில் பகா எண்கள்); ஆனாலும் 111 = 3 × 37, 11111 = 41 × 271, 1111111 = 239 × 4649. ஒன்றுகளாலான எண்களில் 11-க்கு அடுத்த முதன்மை எண் கிடைக்க 19 ஒன்றுகள் வேண்டும். பிறகு 23, அங்கிருந்து ஒரே தாவலாக 317, அப்புறம் 1031. இந்த 1031 இலக்க எண் முதன்மை எண்தான் என்று வில்லியம்சும் டப்னரும் 1986-இல் நிறுவினார்கள்.

அவள் போட்ட கோடுகளைப் பார்த்தபோதுதான் பிழை பிடிபட்டது. அடுக்கு மேலே ஏறும். இது பக்கவாட்டில் நீள்கிறது, இடையில் வெட்ட இடம் தருகிறது. இலங்கை, தமிழகம் என இரு கரையிலும் ஒரே பொருளில் வழங்கும் சொல் ஒன்று கையிலேயே இருக்கிறது: நிரை, அதாவது பக்கவாட்டு வரிசை. ஆகவே என் பரிந்துரை 'ஒன்றன்நிரை'. 7777 ஏழன்நிரை.

'ஒன்றன்' பழசு என்பீர்கள். இலக்கணத்தில் வேற்றுமை படித்தவர்களுக்கு 'ஏழன் உருபு' (ஏழாம் வேற்றுமை உருபு) பழக்கம்தானே? வெறும் 'ஒன்றுநிரை' என்றால் ஒரு நிரை என்று வாசித்துவிடுவார்கள். அந்த 'ன்' அதற்காகத்தான். வசனத்தில் வைத்துப் பார்த்தேன்: "ஒன்பதிலக்க ஒன்றன்நிரையின் வர்க்கம் 12345678987654321." உறுத்தவில்லை.

புணர்ச்சி விதிப்படி 'ஒன்றனிரை' என்று எழுத வேண்டும் என்று யாராவது வருவீர்கள், தெரியும். அப்படி எழுதினால் நிரை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அதனால் சேர்க்காமல் விடுகிறேன். வேறு மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.