புதுப்பிப்பு: சோஃபோஸ்புவிர், அமியோடரோன் – நிறுத்திவிட்டால் போதுமா?

முந்தைய பதிவில் வைரஸ் மருந்துகளால் நீளும் க்யூடி இடைவெளியை (ஈசிஜியில் தெரியும், இதயம் ஒருமுறை துடித்து மின்னளவில் மறுபடி தயாராகும் நேரம்) பற்றி மட்டும் எழுதியிருந்தேன். அது பாதிக் கதைதான். ஹெபடைடிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிர், தாறுமாறான இதயத்துடிப்பைச் சீராக்கும் மருந்தான அமியோடரோனோடு சேரும்போது பயம் வேறு: இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015 மார்ச்சிலேயே எச்சரித்தது.

"அமியோடரோனைப் போன வாரமே நிறுத்தியாச்சே, பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அது திசுக்களில் தங்கி, வெளியேற வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். வேறு வழியின்றி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் முதல் 48 மணிநேரம் மருத்துவமனையில் மானிட்டரில் வைக்க வேண்டும். பிறகு குறைந்தது 2 வாரம் தினமும் நாடி எண்ண வேண்டும், முழு 60 விநாடி. அண்மையில் நிறுத்தியவருக்கும் இதேதான். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தும் எடுப்பவருக்கு ஆபத்து கூடுதல். தலைசுற்றல், மயக்கம் வருவதுபோல இருத்தல், மூச்சுத்திணறல் என்றால் உடனே ஈசிஜி. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.