பட்டாசு ஆலை வெடிவிபத்து: இழப்பீட்டுக்கு வழி சொல்லுங்கள்

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடிவிபத்தில் என் அத்தான் இறந்து 14 மாதம் ஆகிறது. பேன்சி வெடிக்கு மருந்து செலுத்தும் அறை. உராய்வில் தீப்பிடித்தது என்றார்கள். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் இப்போது எங்களோடுதான்.

உரிமம் ஒருவர் பெயரில், நடத்தியது உள்குத்தகைக்காரர். இருவருமே 'என் ஆள் இல்லை' என்கிறார்கள். மனசு ஆறவில்லை. சம்பளம் சனிக்கிழமை ரொக்கமாகக் கொடுப்பார்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். கிடையாது.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் இருக்கின்றன. கலெக்டர் ஆபீஸில் இரண்டு முறை மனு கொடுத்தாயிற்று. அப்புறம் தொழிலாளர் துறைக்கும் போனோம். வேலை பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இழப்பீடு கேட்க 2 வருடம்தான் கெடு.

20 பேருக்கு மேல் இறந்த 2021 அச்சன்குளம் விபத்து மாதிரி வழக்குகளை நடத்தியவர்கள் சொல்லுங்கள்: சம்பளச் சீட்டு இல்லாமல், அவர் அங்கே வேலை பார்த்ததை எதை வைத்து நிரூபிப்பது?