கோல்ட்மன் திரையரங்கக் கலைஞரா?

பத்துரோட்டுக்காரன்: "கோலாலம்பூரின் ஓடியன், கொலிசியம் திரையரங்குகளை எழுப்பிய திரையரங்கச் சிற்பி ஆர்தர் ஓக்லி கோல்ட்மன்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் கொதித்துப்போனேன். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரான கோல்ட்மன் மலாயாவுக்கு வந்ததே 1925இல். கொலிசியம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுந்துவிட்டது. ஊருக்கு வராத மனிதர் எப்படி வரைந்திருப்பார்?

செந்தூல் மாறன்: எழுதியவன் நான்தான். கொலிசியத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியனை மறைக்காதீர்கள். 1936இல் அதை வரைந்தவர் கோல்ட்மன்தானே? திரையரங்கை வரைந்தவர் திரையரங்கக் கலைஞர். அவ்வளவுதான்.

பத்துரோட்டுக்காரன்: ஓரியண்டல் கட்டடம், 1932. ஓசிபிசி வங்கி, 1937. மேடான் பாசார் மணிக்கூண்டு, அதுவும் 1937. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நகரத்தின் முகத்தை மாற்றியவரைக் கொட்டகைக்குள் அடைக்கிறீர்கள். கல்யாண வீட்டில் ஒருநாள் கரண்டி பிடித்தவன் சமையற்காரனா? ஓடியனைத் தவிர இன்னோர் அரங்கின் பெயரைச் சொல்லுங்கள்.

கிள்ளான் கோமதி: சிங்கப்பூரின் கேத்தே அவருடையதுதானே?

பத்துரோட்டுக்காரன்: இல்லை அம்மா, அது ஃபிராங்க் புரூவர் வரைந்தது, 1939. தெரியாததை எழுதாதீர்கள். இன்னோர் அரங்கின் பெயர் எங்கே?

கிள்ளான் கோமதி: கேள்வியாகத்தானே கேட்டேன்? பெண் எழுதினால் மட்டும் உங்களுக்கு வேகம் வந்துவிடுகிறது.

செந்தூல் மாறன்: எண்ணிக்கையா பெரிது? வங்கிக்குச் சன்னல் வைத்தால் வெளிச்சம் வந்துவிடும். அரங்கோ இருட்டறை. முன்வரிசைத் தலை பின்வரிசைக்கு மறைக்காதபடி தரை சரிய வேண்டும். பேசும் படம் வந்துவிட்ட காலம், வசனம் சுவரில் மோதித் திரும்பக் கூடாது. படம் விட்டதும் கூட்டம் முழுவதும் நெரிசலில்லாமல் தெருவுக்கு வர வேண்டும். பத்து வங்கிக்கு ஓர் ஓடியன் சமம். என் அப்பா அங்கே டிக்கெட் கிழித்தவர். அந்தக் கட்டடம் எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பத்துரோட்டுக்காரன்: உங்கள் அப்பாவை மதிக்கிறேன். என் தாத்தா கொலிசியத்தில் வாரம் தவறாமல் தமிழ்ப் படம் பார்த்தவர். அதனால் அவர் கட்டடக் கலை நிபுணர் ஆகிவிடவில்லை. போன மாதம் செந்தூல் ரயில் பட்டறை விவாதத்திலும் இப்படித்தான், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குடும்பக் கதைக்குப் போனீர்கள்.

செந்தூல் மாறன்: பட்டறையை இழுக்காதீர்கள். அன்று என்னைப் பொய்யன் என்றீர்கள். இன்னும் மறக்கவில்லை.

கிள்ளான் கோமதி: வங்கி, மணிக்கூண்டு, அரங்கு மூன்றிலும் அதே ஆர்ட் டெகோ கைதான், அந்தக் காலத்து அலங்காரக் கட்டடப் பாணிதான், தெரிகிறது. அதைப் பற்றிப் பேசலாமே?

பத்துரோட்டுக்காரன்: நான் சொல்வதும் அதுதான் அம்மா! மணிக்கூண்டின் சூரியக் கதிர் அலங்காரத்தை நின்று பாருங்கள். அதை வரைந்தவரைச் சினிமாக்காரர் என்று சுருக்க மனம் வருமா? மாறன், மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். இன்னோர் அரங்கு. பெயர்.

செந்தூல் மாறன்: ஓடியன்.

பத்துரோட்டுக்காரன்: அதைத் தவிர என்றுதான் கேட்டேன்.

செந்தூல் மாறன்: ஓடியன். நாளை கேட்டாலும் ஓடியன்தான்.