பும்ராவின் மூன்று டெஸ்ட் கணக்கு: சுழற்சி முறையா, மாற்று ஆட்களின் பற்றாக்குறையா?

காலரிவாசி:

இந்தியாவின் 2025 இங்கிலாந்து டெஸ்ட் தொடர் 2-2 என்று முடிந்ததும், கடைசி டெஸ்ட் நடந்த ஓவலில் ஆறு ரன் வித்தியாசத்தில் கிடைத்த வெற்றியின் மகிழ்ச்சியில், கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். ஐந்து டெஸ்டுகளில் மூன்றில்தான் ஜஸ்பிரித் பும்ரா ஆடுவார் என்பது தொடர் தொடங்குமுன்பே ஊரறிந்த செய்தியாகிவிட்டது. லீட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் ஜூன் 24 அன்று தோற்றோம். அடுத்ததான எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட் ஜூலை 2 அன்று தொடங்கியது. இடையில் முழுதாக ஏழு நாள் இருந்தும், தொடரில் பின்தங்கியிருந்தும், நம்மிடம் உள்ள மிகச் சிறந்த பந்துவீச்சாளர் உட்கார வைக்கப்பட்டார். முன்னாள் பயிற்சியாளர் ரவி சாஸ்திரி அன்றே இதைக் கண்டித்தார். அந்த டெஸ்டை 336 ரன் வித்தியாசத்தில் வென்றோம் என்பதற்காக முடிவு சரியாகிவிடாது. ஷுப்மன் கில் 269, 161 என்று அடித்த ஆட்டத்தில் யார் பந்து வீசியிருந்தாலும் எதிரணி திணறித்தான் இருக்கும். ஓய்வு தேவையென்றால் உடல்நிலையைப் பார்த்து, ஆட்டத்துக்கு ஆட்டம் முடிவெடுக்கலாமே! எண்ணிக்கையை முன்கூட்டியே ஊருக்குச் சொல்வது எதிரணிக்கு நாமே எழுதிக் கொடுக்கும் துப்பு.

புதுப்பந்து:

காலரிவாசி அவர்கள் சொல்லும் "உடல்நிலையைப் பார்த்து முடிவெடுக்கும்" வழியை ஏற்கெனவே முயன்று பார்த்தாயிற்று. 2022 செப்டம்பரில், முதுகுக் காயத்திலிருந்து திரும்பியவரை ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டி20 ஆட்டங்களில் இறக்கினார்கள். இரண்டே ஆட்டங்களில் காயம் திரும்பியது. டி20 உலகக் கோப்பை கைவிட்டுப் போயிற்று. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஆகஸ்டில்தான் மீண்டும் பந்தைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகும் பாடம் படிக்கவில்லை. 2024-25 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஐந்து டெஸ்டிலும் ஆடி 151.2 ஓவர் வீசி 32 விக்கெட் எடுத்தார். மெல்பர்னில் மட்டும் 53.2 ஓவர். அடுத்த டெஸ்டான சிட்னியில் அணித்தலைவராக இருந்தவர் இரண்டாம் நாளே முதுகுப் பிடிப்போடு வெளியேறினார்; 162 ரன் இலக்கை ஆஸ்திரேலியா எட்டிப் பிடித்தபோது அவரால் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. சாம்பியன்ஸ் கோப்பையிலும் அவர் இல்லை.

முதுகெலும்பில் ஏற்படும் இந்த வகைக் காயம் வலியாக வெளிப்படும்போது பெரும்பாலும் காரியம் கைமீறியிருக்கும். ஐபிஎல்லில் ஆட்டத்துக்கு நான்கு ஓவர் வீசிக்கொண்டிருந்தவர், அந்தப் போட்டி முடிந்து மூன்று வாரங்களுக்குள் லீட்ஸில் 43.4 ஓவர் வீசினார். அத்தகைய திடீர் ஏற்றத்துக்குப் பிறகு காலையில் எழுந்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டு அணியைத் தீர்மானிப்பது மருத்துவமாகாது. மேலும், எட்ஜ்பாஸ்டனுக்கும் மூன்றாவது டெஸ்ட் நடந்த லார்ட்ஸுக்கும் இடையே இருந்தவை மூன்றே நாட்கள் என்பதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

காலரிவாசி:

அப்படியானால் முகமது சிராஜின் முதுகு இரும்பால் செய்ததா? ஐந்து டெஸ்டிலும் ஆடினார், 185.3 ஓவர் வீசினார், 23 விக்கெட் எடுத்தார். ஓவலில் கடைசி நாள் காலையில் இங்கிலாந்துக்கு 35 ரன் தேவை, நான்கு விக்கெட் மீதம். மீதமிருந்த நான்கில் மூன்றை அவர்தான் எடுத்தார். அந்த இன்னிங்ஸில் தன்னுடைய 31ஆவது ஓவரின் முதல் பந்தில் அட்கின்சனின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரைப் பார்த்தவர்கள் பணிச்சுமை பற்றிப் பேசத் தயங்குவார்கள். சுனில் கவாஸ்கரும் அந்தத் தொடருக்குப் பிறகு இந்தப் பணிச்சுமைப் பேச்சைச் சாடினார்.

பன்னிரண்டாவது ஆள்:

இருவருமே பும்ராவைச் சுற்றியே வாதாடுகிறீர்கள். அவர் ஆடிய மூன்றில் வெற்றி இல்லை, ஆடாத இரண்டிலும் வெற்றி என்ற கணக்கைப் பலர் சுமந்து திரிகிறார்கள்; நல்லவேளை, இங்கே யாரும் அதை ஆயுதமாக எடுக்கவில்லை. என் பார்வையில் சிக்கல் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களை நாம் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது.

லீட்ஸ் ஆட்ட அட்டையை எடுத்துப் பாருங்கள். எட்டாவது ஆளும் மட்டை பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று ஷர்துல் தாக்கூரைச் சேர்த்தார்கள். முதல் இன்னிங்ஸில் அவருக்குக் கிடைத்தவை ஆறு ஓவர், இரண்டாவதில் பத்து. அதாவது நான்கு சீமர்கள் (வேகப்பந்து வீச்சாளர்கள்) என்று காகிதத்தில் எழுதிவிட்டு, களத்தில் மூவரை வைத்தே வேலை வாங்கினோம். முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்த பும்ரா, இரண்டாவதில் 19 ஓவர் வீசியும் விக்கெட் எடுக்க முடியாமல் போனதும், இங்கிலாந்து 371 ரன் இலக்கை ஐந்தே விக்கெட் இழந்து எட்டியதும் இதன் விளைவே. எந்த மட்டைவீச்சு ஆழத்துக்காக இதைச் செய்தோமோ, அது முதல் இன்னிங்ஸில் கடைசி ஏழு விக்கெட்டுகளை 41 ரன்னுக்கும், இரண்டாவதில் கடைசி ஆறை 31 ரன்னுக்கும் இழந்தது. ஐந்து டெஸ்ட் முழுவதும் சுழற்பந்து வீச்சாளர் குல்தீப் யாதவ் தண்ணீர்ப் புட்டிதான் தூக்கினார். விக்கெட் எடுக்கக்கூடிய ஒருவர் வெளியே உட்கார்ந்திருக்க, வீசாத நான்காவது சீமரை உள்ளே வைத்துக்கொண்டு, பிறகு முதல் இருவருக்குப் பணிச்சுமை என்று கவலைப்படுவது நாமே பூட்டிய கதவை நாமே தட்டுவதுபோல் இருக்கிறது.

நான்காவது டெஸ்ட் நடந்த மான்செஸ்டரில் வேகப்பந்து வீச்சாளர்கள் ஆகாஷ் தீப்பும் அர்ஷ்தீப்பும் காயத்தால் ஆட முடியாமல் போக, தொடரின் நடுவில் அழைக்கப்பட்ட அன்ஷுல் கம்போஜ் அறிமுகமானார். ரஞ்சியில் கேரளத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் எடுத்தவர், திறமையில் குறையில்லை. ஆனால் வந்த வேகத்தில் ஆடவிட்டோம். 18 ஓவரில் 89 ரன் கொடுத்து ஒரு விக்கெட், இங்கிலாந்து 669. அதே இன்னிங்ஸில்தான் பும்ரா தன் டெஸ்ட் வாழ்க்கையில் முதன்முறையாக 100 ரன்னைக் கடந்து கொடுத்தார்.

புதுப்பந்து:

ஷர்துல் பற்றிச் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் அதே தொடரில் ஆகாஷ் தீப் எட்ஜ்பாஸ்டனில் பத்து விக்கெட் எடுத்தது எப்படி? பும்ராவின் இடம் காலியாக இருந்ததால்தான். மாற்று ஆட்கள் பயிற்சி வலையில் உருவாவதில்லை. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் வென்ற அணியை நினைத்துப் பாருங்கள்: வலைப் பந்துவீச்சாளராகப் போன சேலத்து நடராஜனும், அவரோடு அறிமுகமான வாஷிங்டன் சுந்தரும் முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள்.

காலரிவாசி:

பிரிஸ்பேனை உதாரணமாகக் காட்டுவது உங்கள் வாதத்தையே குலைக்கிறது. அங்கே ஆட்களை மாற்றி மாற்றி ஓய்வளிக்கும் சுழற்சி எதுவும் நடக்கவில்லை. பும்ரா, அஸ்வின், ஜடேஜா, ஷமி, உமேஷ் எல்லோரும் காயம்பட்டுப் போனதால் வேறு வழியின்றி நடந்தது அது. திட்டமிட்ட சுழற்சி என்ன தரும் என்பதை அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் பார்த்தோம். 227 ரன் வித்தியாசத்தில் முதல் டெஸ்டை வென்ற இங்கிலாந்து, ரிவர்ஸ் ஸ்விங்கில் ஒரே ஓவரில் கில்லையும் ரஹானேவையும் வீழ்த்திய ஆண்டர்சனை அடுத்த டெஸ்டில் உட்கார வைத்தது. பட்லர் முதல் டெஸ்ட் முடிந்ததுமே ஊருக்குப் போய்விட்டார். இரண்டாவதில் எட்டு விக்கெட் எடுத்த மொயின் அலியும் விமானம் ஏறினார். முதல் டெஸ்டுக்குப் பிந்தைய மூன்றையும் தோற்றார்கள்.

புதுப்பந்து:

அது கொரோனாக் கால உயிர்க்குமிழி. மாதக்கணக்கில் அறைக்குள் அடைபட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியதை இதோடு ஒப்பிடக்கூடாது. அந்த இரண்டாவது டெஸ்டில் அஸ்வின் சதமும் எட்டு விக்கெட்டும் எடுத்த ஆடுகளத்தில் ஆண்டர்சன் இருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

பன்னிரண்டாவது ஆள்:

சேப்பாக்கம் ஆடுகளத்தைப் பற்றித் தனியாக ஓர் இழையே போடலாம், அது கிடக்கட்டும். ஓய்வு கொடுப்பதா என்ற கேள்வியைவிட எங்கே கொடுப்பது என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. லீட்ஸில் தோற்ற பிறகு எட்ஜ்பாஸ்டனில் ஓய்வளித்த அதே நிர்வாகம், 2025 அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான இரண்டு உள்ளூர் டெஸ்டிலும் பும்ராவையும் சிராஜையும் ஆட வைத்தது. அகமதாபாத்தில் மூன்றாம் நாளே இன்னிங்ஸ் வெற்றி கிடைத்தது. அடுத்து டெல்லியிலும் ஒரு மாற்றமும் இல்லை. ஓவலில் இரண்டு இன்னிங்ஸிலும் நான்கு நான்காக எட்டு விக்கெட் எடுத்த பிரசித் கிருஷ்ணா இரண்டு ஆட்டத்திலும் வெளியே இருந்தார். புதுப்பந்து அவர்கள் சொல்லும் மாற்று ஆளை உருவாக்க இதைவிடத் தோதான இடம் எது என்று அவரே சொல்லட்டும்.