சின்ன முதியோர் இல்லம்: பணம் கட்டுறதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

நொய்யல்கரை:
அம்மாவுக்கு 76 வயசுங்க. ரெண்டு வேளை 30/70 இன்சுலின் (வேகமா வேலை செய்யுறதும் மெதுவா வேலை செய்யுறதும் கலந்த ஊசி). இடுப்பெலும்பு முறிஞ்சு மூட்டுல இருக்கிற பந்தை மாத்தியிருக்காங்க, வாக்கர் பிடிச்சு நாலு எட்டு வைப்பாங்க. நாங்க ரெண்டு பேருமே பனியன் கம்பெனி வேலை, பகல்ல வீட்டுல ஆளில்லை. அவிநாசிப் பக்கம் பன்னெண்டு பேர் தங்குற இல்லம் ஒண்ணு பார்த்தோம். சுத்தமா இருக்கு, அரிசியும் பருப்புஞ்சோறு கூட நல்லாத்தான் இருந்துச்சு. வேற என்ன கவனிக்கணும்ங்க?

கொடிவேரி:
பகல்ல போனா எந்த இல்லமும் நல்லாத்தான் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குச் சொல்லாம போய் நில்லுங்க.

ஊசி எத்தனை மணிக்கு, தட்டு எத்தனை மணிக்குன்னு பாருங்க. சாதாரண 30/70 மனித இன்சுலின்னா போட்டு அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும். ஒரே பொண்ணு எல்லாருக்கும் ஊசி போட்டு முடிச்சு, அப்புறம் பரிமாறுனா முதல் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஓடிரும். சமையல்கார அம்மா வீட்டுக்குப் போகணும்னு ஆறரைக்கே ராத்திரிச் சாப்பாட்டை முடிக்கிற இடமும் உண்டு. காலை டிபன் எட்டு மணின்னா பதிமூணரை மணி நேரம் வெறும் வயிறு. ஊசியில மெதுவா வேலை செய்யுற பாகம் நடுராத்திரியிலயும் சர்க்கரையை இறக்கிட்டே இருக்கும். படுக்கப் போறப்ப பாலோ ராகிக் கஞ்சியோ வேணுமான்னு டாக்டர்கிட்டக் கேட்டு, சீட்டுல எழுதி வாங்கிக் குடுங்க. வாய்ச்சொல்லா சொன்னா ஆள் மாறுனதும் மறந்துரும்.

சர்க்கரை இறங்குனா வேர்த்துக் கொட்டும், உளறுவாங்க. சில பேர் அசந்து தூங்குற மாதிரியே கிடப்பாங்க, அதுதான் ஆபத்து. 70க்குக் கீழ இருந்து முழிப்பும் இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். நினைவில்லைன்னா வாயில ஒண்ணும் ஊத்தக்கூடாது, 108தான். இது ராத்திரி டூட்டி ஆளுக்குத் தெரியுமான்னு அந்த ஆளையே கேளுங்க, மேனேஜரைக் கேட்காதீங்க. குளுக்கோமீட்டர் அலமாரிச் சாவி மேனேஜர் வீட்டுல இருந்தா மிஷின் இருந்தும் பிரயோசனமில்லை.

மேட்டாங்காடு:
பந்து மாத்தின இடுப்புன்னா உட்கார்ற உயரம் முக்கியம்ங்க. உட்கார்ந்தா முட்டி இடுப்பை விடத் தாழ இருக்கணும். தாழ்வான கட்டில், திண்ணையில போட்டிருக்கிற சாய்வு நாற்காலி ரெண்டும் ஆகாது, பந்து நழுவிரலாம். கக்கூஸ் கோப்பை தாழ்வா இருந்தா மேல வைக்கிற உயர சீட்டு கடையில கிடைக்கும். எத்தனை வாரம் இப்படின்னு ஆபரேஷன் பண்ணுன டாக்டர் சொல்லணும்.

பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்குதா? உள்ள விழுந்தவங்க கதவை அடைச்சுட்டுக் கிடந்தா உள்நோக்கித் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. சுவத்துக் கம்பியில உங்க முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்க. துண்டு போடுற கம்பியையே பிடிமானம்னு காட்டுவாங்க. நம்ம பக்கத்துப் போர் உப்புத் தண்ணியில சோப்பு சரியா கரையாது. அந்தப் படிவு டைல்ஸ்ல ஏறுனா வழுக்கும், தேய்ச்சுக் கழுவுறாங்களான்னு கால் வெச்சுப் பாருங்க.

நொய்யல்கரை:
நன்றிங்க. ராத்திரிக்கு ரெண்டு பேர்னு சொன்னாங்க, விசாரிச்சா அதுல ஒருத்தர் வாட்ச்மேன்.

கொடிவேரி:
வாட்ச்மேன் கணக்குல சேராதுங்க. திரும்ப முடியாதவங்களை ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும். நாலு பேர் அப்படி இருந்தா ஒரு ஆளுக்கு அதுவே ராத்திரி பூரா வேலை. உங்கம்மா ஒண்ணுக்குப் போகணும்னு கூப்பிடுறப்ப அவங்க வேற கட்டில்ல இருப்பாங்க. இவங்க தானா எந்திரிப்பாங்க, விழுவாங்க. எத்தனை பேர் படுத்த படுக்கைன்னு கேளுங்க, பன்னெண்டுங்கிறதை விட அந்த எண்ணிக்கைதான் முக்கியம்.

அந்தியூர்ச் சந்தை:
காகித விஷயம். மாவட்ட சமூகநல அலுவலகத்துப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்க. டயப்பர், பிசியோ, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போற ஆள் மாசக் கட்டணத்துல சேருமா, பாதியில கூட்டிட்டு வந்தா முன்பணம் எத்தனை நாள்ல திரும்பும், எல்லாம் எழுத்துல வாங்குங்க. பின்னால தகராறு வந்தா முதியோர் உதவி எண் 14567ல கேட்கலாம்.

ஒண்ணு விட்டுப்போச்சு. மாரியம்மன் நோம்பி, தீபாவளின்னா வேலைக்காரங்க மொத்தமா ஊருக்குக் கிளம்பிருவாங்க. அந்த நாலு நாள் ஊசி யார் போடுவாங்கன்னு பேரோட கேட்டுக்குங்க.